குழந்தையைப் பார்த்து உறுமும் புது நாய்... பழக்க முடியுமா?

‘‘ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலமும் வீடும் இருக்கின்றன. 14 வெள்ளாடுகள், 2 பசுக்கள் வைத்திருக்கிறோம். போன வருடம் இரவில் பட்டியிலிருந்து 2 ஆடுகள் களவு போய்விட்டன. அதனால், என் வீட்டுக்காரர் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 10 மாத ராஜபாளையம் ஆண் நாயை வாங்கி வந்தார். வந்து 12 நாள்கள் ஆகின்றன. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆடுகளைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. என் மாமியார் மீது பாய்ந்து அவரைக் கீழே தள்ளிவிட்டது. முந்தாநாள், அது சாப்பிடும்போது பக்கத்தில் போன என் 4 வயது மகளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. ‘ரெண்டு நாள் பட்டினி போட்டு, நாலு அடி கொடுத்தால் வழிக்கு வந்துவிடும்’ என்கிறார் வீட்டுக்காரர். ‘திருப்பிக் கொடுத்துவிடு’ என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?’’

- ஒரு வாசகி, செங்கம்.

வீட்டுக்காரர் சொல்வதைச் செய்யவே கூடாது. மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. 10 மாத நாய், மனிதக் கணக்கில் மீசை முளைக்கும் வயதுப் பையனைப் போன்றது. உடம்பு வளர்ந்துவிட்டது, புத்தி இன்னும் முழுதாக வரவில்லை. பொறுமையாகப் பழக்கினால், இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே வீட்டுக்கு அடங்கி நடக்கத் தொடங்கும். ஆனால், பழக்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியவை

முதல் வேலை, குழந்தையையும் நாயையும் பிரித்து வைப்பது. நாய்க்குச் சோறு வைக்கும் இடம் குழந்தை போக முடியாத இடமாக இருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம், படல் வைத்து மறைத்த மூலை என எதுவாகவும் இருக்கலாம். பெரியவர் ஒருவர் அருகில் நின்று கவனிக்காமல், குழந்தையும் நாயும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ‘இப்போதுதான் கண்ணெதிரே இருந்தாள்’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலான கடிகள் நடக்கின்றன.

இரண்டாவது, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கொண்டுபோய்க் காட்டுவது. நாயைக் கொடுத்தவரிடம் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அட்டை இல்லை என்றால், ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசியையும் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர்வதே முறை. தவறவிட்ட நாய்க்கு எந்த வயதிலும் தொடங்கலாம். ‘டிஸ்டெம்பர்’, ‘பார்வோ’ போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணிக்கு மருந்து ஆகியவற்றையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளலாம். ஆடு, மாட்டுக்கு வாங்கி வைத்த குடற்புழு மருந்தையோ, உண்ணி மருந்தையோ குத்துமதிப்பாக நாய்க்குக் கொடுக்கக் கூடாது. மாட்டுக்குரிய அளவில் ‘ஐவர்மெக்டின்’ போட்டால், நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். காது, பல், தோல், மூட்டு ஆகியவற்றில் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வலி உள்ள நாய், தொட்டாலே உறுமும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு.

காது கேட்கிறதா?

‘கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை’ என்று வாசகி எழுதியிருப்பது முக்கியமான செய்தி. தூய வெள்ளை நிறமுள்ள ராஜபாளையம் நாய்களில் சில, பிறவியிலேயே காது கேளாதவை. வெள்ளை நிறத்தைக் கொடுக்கும் மரபுக்கூறோடு சேர்ந்து வரும் குறை அது. பார்த்தால் தெரியாது. ‘திமிர் பிடித்த நாய்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுக்க அடிபடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 10 அடி தள்ளி, அதன் கண்ணில் படாமல் நின்று, ஒரு பாத்திரத்தைக் கரண்டியால் தட்ட வேண்டும். தரையில் காலை மிதிக்கக் கூடாது. அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். காற்று நாயின் பக்கமாக வீசும் திசையில் நிற்கக் கூடாது. வாசனையை வைத்துத் திரும்பிவிடும். வெவ்வேறு நேரத்தில் 4, 5 முறை செய்து பார்த்தும் காது மடல்கூட அசையவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காது கேளாத நாயையும் பழக்கலாம். சொல்லுக்குப் பதில் கை ஜாடை. ஆனால், அதைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பக் கூடாது, திடுக்கிட்டுக் கடிக்கும். குழந்தை உள்ள வீட்டில் இது பெரிய விஷயம்.

காது நன்றாகக் கேட்கிறது என்றால், காரணம் எளிது. பழைய வீட்டில் அதை வேறு பெயரில் கூப்பிட்டிருப்பார்கள். 12 நாளில் புதுப் பெயர் மனதில் பதியாது.

ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

ராஜபாளையம் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிக்க வளர்த்தார்கள். நம் நாட்டு நாய் இனங்களைச் சிறப்பிக்க 2005-ம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவள வாரியம், ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பெருமையான இனம்தான். ஆனால், பெருமைக்கு ஒரு விலை உண்டு. ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆடும் ஓடும், கோழியும் ஓடும், குழந்தையும் ஓடும். அன்னியர் தொடுவதை விரும்பாது. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு, மற்றவர்களை எட்டவே வைக்கும்.

அடுத்தது, வயது. நாய்க்குட்டி பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 3 மாதம் வரை எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் ‘நம்முடையது’ என்று ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஆட்டையும் குழந்தையையும் பார்க்காமல் வளர்ந்த நாய், பிற்பாடு அவற்றைப் புதுப்பொருளாகவே பார்க்கும். ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில், சிவிங்கிப் புலிகளிடமிருந்து வெள்ளாடுகளைக் காக்க, 1994-ம் ஆண்டு முதல் விவசாயிகளுக்குக் காவல் நாய்களைக் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. துருக்கி நாட்டு இனத்தைச் சேர்ந்த பெரிய நாய்கள் அவை. அங்கே குட்டியிலேயே ஆட்டு மந்தையோடு விட்டு வளர்க்கிறார்கள். ஆட்டைத் தன் குடும்பமாக நினைத்து வளரும் நாய்தான் மந்தைக்கு உள்ளே நின்று காக்கும். 10 மாதத்தில் வாங்கி வந்த வேட்டை இன நாயிடம் அதே வேலையை எதிர்பார்க்கக் கூடாது. பட்டிக்கு வெளியே நின்று குரைக்கும் காவலாளியாக அதைப் பழக்கலாம். திருட்டைத் தடுக்க அதுவே போதும்.

அடித்தால் என்ன ஆகும்?

உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. ‘பக்கத்தில் வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்கிறது. உறுமும்போது அடித்தால், பயம் போகாது. உறுமுவதை மட்டும் நிறுத்திவிடும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். அப்பாவின் அடிக்குப் பயந்து, அப்பா முன்னால் அடங்கியிருக்கும் நாய், குழந்தை தனியாக வரும்போது அடங்காது. வீட்டில் மிகச் சிறியவர், மிக மெதுவாக நடப்பவர் மீதுதான் அந்தக் கோபம் இறங்கும்.

பட்டினியும் அப்படியே. சாப்பாடு கிடைக்குமோ, கிடைக்காதோ என்ற பயத்தில்தான் நாய் தட்டைக் காக்கிறது. பட்டினி போட்டால், அந்தப் பயம் இரட்டிப்பாகும். ‘மிளகாய்த்தூள் கலந்து கொடுத்தால் ரோஷம் வரும்’, ‘நாள் முழுக்கக் கட்டிப் போட்டால்தான் நல்ல காவல் காக்கும்’ என்பதெல்லாம் நாயைக் கெடுக்கும் வழிகள். ரோஷம் வருவதில்லை, வயிற்றுப் புண்ணும் பைத்தியக்காரத்தனமும்தான் வரும். நாயை எப்போதும் கட்டியே போட்டு, நடமாட விடாமல் வைத்திருப்பது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கோவிவன் என்ற நாய்

பெரிய நாயால் என்ன பயன் என்று செங்கத்துக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. பழைய செங்கம் வட்டத்தின் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 7-ம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரர், எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்டார். அவருக்காக நட்ட கல்லில் அவருடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்தார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கால்நடைத் திருட்டும் இருந்திருக்கிறது. அதைத் தடுக்க நின்ற நாய்க்குப் பெயரோடு கல்வெட்டும் இருந்திருக்கிறது.

கோவிவன் யாரைக் கடித்தது, யாரைக் காத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தன் ஆள் யார், வேற்றாள் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு, கூடவே இருந்து பழகிய நாய்க்குத்தான் வரும். செங்கத்து வாசகியின் வீட்டு நாய்க்கு 12 நாளில் அது வந்திருக்க நியாயமில்லை.

எங்கே கட்டுவது? எப்படிக் கட்டுவது?

ஆள் நடமாடும் வாசலில் கட்டக் கூடாது. போகிற, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து, எல்லோரையுமே எதிரியாக நினைக்கும். ஆட்டுப்பட்டிக்கு நேர் எதிரிலும் கட்டக் கூடாது. வேப்ப மரம், புங்க மர நிழலில், வீட்டார் வேலை செய்வது கண்ணில் படும் இடமாக இருந்தால் நல்லது. மேலே கூரை, கீழே காய்ந்த தரை, கவிழாத தண்ணீர்த் தொட்டி வேண்டும்.

குட்டைச் சங்கிலியில் கட்டுவதைவிட, ஓடுகம்பி சிறந்தது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே 20, 25 அடி நீளத்துக்கு ஆள் உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்ட வேண்டும். நாய் முன்னும் பின்னும் நடக்கலாம். சங்கிலியில் சுழலும் கொக்கி இருந்தால் முறுக்கிக்கொள்ளாது. சங்கிலி எட்டும் தூரத்தில் சுவரோ, வேலியோ இருக்கக் கூடாது. தாண்டிக் குதித்துத் தொங்கிச் செத்துப்போன நாய்கள் உண்டு. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே 2 விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வளரும் நாய் என்பதால் வாரம் ஒருமுறை பட்டையைப் பார்க்க வேண்டும்.

பழக்கும் முறை

வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தினமும் சோறு வைப்பவரே பழக்குவதும் நல்லது. இந்த வீட்டில் அது வாசகியாகவே இருக்கலாம். நாய்க்கு ஒரே பெயர். இரண்டு அசையில் சின்னதாக இருந்தால் போதும். ஒரு செயலுக்கு ஒரே சொல். மாமியார் ‘இங்க வாடா’ என்பார், வீட்டுக்காரர் ‘கம்’ என்பார், குழந்தை ‘ஜூ... ஜூ’ என்று கூப்பிடும் என்றால், நாய்க்கு எதுவும் புரியாது. ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’, ‘விடு’ என்ற 4 சொற்களை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் போதும்.

ஒரு வேளைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு 3 வேளை. அதற்கு மேல் வேண்டாம். வேகவைத்த கோழி ஈரல் அல்லது முட்டையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாய் சரியாகச் செய்த அடுத்த நொடியே வாயில் விழ வேண்டும். தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

‘உட்கார்’: துண்டை மூக்குக்கு மேலே காட்டி, கையை மெதுவாகப் பின்தலைப் பக்கம் நகர்த்தினால், நாய் தலையைத் தூக்கும், பின்பக்கம் தானாகத் தரையைத் தொடும். தொட்டதும் ‘உட்கார்’ என்று சொல்லி, துண்டைக் கொடுக்க வேண்டும். இடுப்பைப் பிடித்து அமுக்கக் கூடாது. நான்கைந்து நாளில் சொல்லுக்கே உட்காரும். பிறகு, சோறு வைக்கும் முன், கயிற்றை அவிழ்க்கும் முன், படலைத் திறக்கும் முன் எல்லாம் உட்கார வைக்க வேண்டும். மாமியார் மீது பாய்ந்ததற்கும் இதுவே மருந்து. உட்கார்ந்திருக்கும் நாயால் பாய முடியாது. பாயும்போது கத்துவதும் கையால் தள்ளுவதும் அதற்கு விளையாட்டுதான். பேசாமல் திரும்பி நின்று, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிக்க வேண்டும். அதுவரை மாமியார் வரும்போது நாய் கயிற்றில் இருக்கட்டும். வயதானவர் இன்னொரு முறை விழக் கூடாது.

‘வா’: பெயரைச் சொல்லி, ‘வா’ என்று கூப்பிட்டு, வந்ததும் கொடுக்க வேண்டும். 4 அடியில் தொடங்கி, நீளக் கயிற்றில் 10, 20, 50 அடி என்று கூட்டலாம். ‘வா’ என்று கூப்பிட்டு ஒருபோதும் அடிக்கக் கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. ஒரே ஒருமுறை அப்படிச் செய்தால், ஒரு மாத உழைப்பு வீண்.

கயிற்றில் நடப்பது: இழுத்தால் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்க வேண்டும். முதல் வாரம் 100 அடி நடக்கவே கால் மணி நேரம் ஆகும். இழுத்தால் முன்னே போக முடியாது என்று புரிந்ததும், தானாகப் பக்கத்தில் வரும். காலையும் மாலையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். நடக்காத நாயைப் பழக்குவது கடினம். செங்கத்து வெயிலில் சூரியன் ஏறும் முன்பே காலை நடையை முடித்துவிட வேண்டும். வயிறு முட்டத் தின்றவுடன் ஓட விடக் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகும் ஆபத்து உண்டு. சோறுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும்.

தட்டருகே உறுமினால்...

சாப்பிடும் நாயின் தட்டில் கை வைத்துப் பார்ப்பதும், ‘யார் பெரியவன் பார்ப்போம்’ என்று தட்டைப் பிடுங்குவதும் தவறு. நாய் பயப்படுவது நடக்கிறது என்று அதற்கு நிரூபித்துக் காட்டுவதாகவே அது முடியும்.

மாற்று வழி இது. நாய் சாப்பிடும்போது, பெரியவர் ஒருவர் 10 அடி தள்ளி நடந்துபோய், போகிற போக்கில் ஈரல் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டுப் போய்விட வேண்டும். நிற்கக் கூடாது. நாலைந்து நாளில், ஆள் வருவதைக் கண்டால் உறுமுவதற்குப் பதில் வாலை ஆட்டி எதிர்பார்க்கும். அப்போது 8 அடி, பிறகு 6 அடி. எந்தத் தூரத்தில் உடம்பு விறைத்து, வேகமாக விழுங்கத் தொடங்குகிறதோ, அங்கிருந்து 2 அடி பின்வாங்க வேண்டும். ஒரு மனிதர் அருகில் வந்தால் சோறு போகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று நாய் நம்ப வேண்டும். இந்தப் பயிற்சியில் குழந்தையைச் சேர்க்கவே கூடாது. நாய் எவ்வளவு நல்லபடியாக மாறினாலும், 4 வயதுக் குழந்தை நாயின் தட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டின் நிரந்தரச் சட்டம்.

குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியவை

நாய்க்கு மட்டுமல்ல, குழந்தைக்கும் பாடம் வேண்டும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், கட்டிப் போட்ட நாய் என இந்த மூன்றின் பக்கம் போகக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, முகத்தருகே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. நாய் ஓடி வந்தால் ஓடக் கூடாது. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரம்போல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால், முகத்தையும் கழுத்தையும் கையால் மூடி, கல்போல் சுருண்டு கிடக்க வேண்டும். ‘மரம்... கல்’ என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால், குழந்தை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

பெரியவர்கள் நாயின் முகத்தைப் படிக்கக் கற்க வேண்டும். உறுமுவதற்கு முன்பே நாய் சொல்லிவிடும். தலையைத் திருப்பும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியப் பார்க்கும், உடம்பு அசையாமல் விறைக்கும். இதில் எதைக் கண்டாலும், குழந்தையை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

ஆடும் நாயும்

ஆடுகள் பட்டிக்குள் இருக்கட்டும். நாயை நன்றாக நடத்தி, களைக்க வைத்து, கயிற்றோடு 50 அடி தள்ளி நிறுத்த வேண்டும். ஆட்டைப் பார்த்துவிட்டு, பழக்குபவரைத் திரும்பிப் பார்த்தால் உடனே துண்டு கொடுக்க வேண்டும். ஆட்டின் மீதே கண் குத்தி நின்றால், தூரம் போதவில்லை என்று பொருள். பின்னால் போக வேண்டும். வாரம் 10 அடி நெருங்கினால் போதும். கோழிக்கும் இதே முறைதான். முதல் 3 மாதம் கயிறில்லாமல் ஆடுகளோடு விடவே கூடாது. ஒருமுறை துரத்திச் சுவை கண்டுவிட்டால், மறக்க வைப்பது கடினம். சினை ஆட்டை விரட்டினால், கடிக்காவிட்டாலும் அந்த அதிர்ச்சியில் குட்டி வீசிவிடக்கூடும். வேட்டை இன நாய்களில் சில, எவ்வளவு பழக்கினாலும் மந்தையோடு தனியாக விட முடியாதவையாகவே இருக்கும். அதை ஒப்புக்கொண்டு, பட்டிக்கும் நாய்க்கும் நடுவே நல்ல வேலியை வைத்துக்கொள்வதே விவேகம்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘ராஜபாளையம்தானே, முயலுக்கும் பன்றிக்கும் கூட்டிப்போகலாம்’ என்று யாராவது அழைப்பார்கள். நாயை விட்டு வேட்டையாடுவது, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டை ருசி கண்ட நாய், ஊரான் ஆட்டையும் விடாது.

இரவில் வேலியடைத்த வளாகத்துக்குள் அவிழ்த்துவிட்டு, பகலில் நிழலில் ஓய்வெடுக்க விடலாம். திருடர்கள் விஷம் தடவிய கறித்துண்டை வீசுவது பழைய தந்திரம். அதனால், தன் தட்டில் வைப்பதையும், வீட்டார் கையால் கொடுப்பதையும் மட்டுமே தின்னும்படி முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். தரையில் கிடப்பதை ‘விடு’ என்று சொல்லி விட வைத்து, அதைவிட ருசியான துண்டைக் கையால் கொடுத்தால், இந்தப் பழக்கம் படியும்.

கடித்துவிட்டால்...

வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. பல் லேசாகக் கீறியிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். மருத்துவர் சொல்லும் அத்தனை நாள்களிலும் ஊசியைத் தவறாமல் போட வேண்டும். ஆழமான காயம் என்றால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்காக மனிதருக்கு ஊசி போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால், காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குழந்தைகள் அடி விழும் என்று பயந்து கடியை மறைப்பார்கள். ‘நாய் கீறினால்கூட உடனே சொல், யாரும் திட்ட மாட்டோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அக்கம் பக்கத்தாரைக் கடித்தாலும் பொறுப்பு வீட்டுக்காரருடையதே. ஆபத்து விளைவிக்கக்கூடிய விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆறு வாரக் கணக்கு

1-வது வாரம்: மருத்துவர், தடுப்பூசி, காது சோதனை. ஓடுகம்பி கட்டுதல். நேரத்துக்குச் சோறு. பெயர் பழக்கம். விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

2-வது வாரம்: ‘உட்கார்’, ‘வா’. தளர்ந்த கயிற்றில் நடை. தட்டுப் பயிற்சி 10 அடியில்.

3, 4-வது வாரம்: ‘இரு’, ‘விடு’. ஆடுகளை 50 அடியில் காட்டுதல். கயிற்றில் உட்கார்ந்த நாயின் முன்பாக மாமியார் நடந்து போதல்.

5, 6-வது வாரம்: ஆட்டுத் தூரத்தைக் குறைத்தல். கயிற்றோடு பட்டியைச் சுற்றி இரவுக் காவல் நடை. பெரியவர் இருவர் இருக்கும்போது, குழந்தை தள்ளி நின்று ‘உட்கார்’ சொல்லி, நாய் உட்கார்ந்ததும் பெரியவர் துண்டு கொடுத்தல்.

எப்போது திருப்பிக் கொடுப்பது?

இவ்வளவும் செய்த பிறகும், குழந்தையைக் கண்டாலே உடம்பு விறைத்து முறைத்துப் பார்க்கிறது, எச்சரிக்கை இல்லாமல் பாய்கிறது, வீட்டார் ஒருவரைத் தோல் கிழியக் கடித்துவிட்டது என்றால், மாமியார் சொல்வதுதான் சரி. இதில் கடி என்பதற்கு 6 வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். சிறு குழந்தை இல்லாத, நாயைக் கையாளத் தெரிந்த வீட்டுக்கு, நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். மலையிலோ, நெடுஞ்சாலையிலோ இறக்கிவிட்டு வருவது சட்டப்படி குற்றம். அதோடு, பசித்த பெரிய நாய் முதலில் தேடிப்போவது இன்னொரு விவசாயியின் ஆட்டுப்பட்டியைத்தான்.

அந்த நிலை வராமலிருக்க வாய்ப்பு அதிகம். நாய் இதுவரை கடிக்கவில்லை, உறுமி எச்சரித்திருக்கிறது. கடிக்காமல் சொல்லிப் பார்க்கும் நாய், இன்னும் கற்றுக்கொள்ளக் கூடிய நாய். இன்று மாலை வீட்டுக்காரரின் கையிலிருக்கும் குச்சியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் நாலு ஈரல் துண்டைக் கொடுத்தால், பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.